மின்னூர்திக்குத் தமிழ் தெரியுமா?

திண்டுக்கல் காமராசர் பேருந்து நிலையத்தில் விடியற்காலையில் வந்து நிற்பவன் மூக்கில் முதலில் ஏறுவது சிறுமலைக் காற்றன்று, எரிநெய்ப் புகையே. எங்கோ மேற்கில் தோண்டிக் கப்பலேற்றிக் கொணர்ந்து, விலைகொடுத்து வாங்கிய எண்ணெய் தமிழன் நெஞ்சில் கரியாய்ப் படிகின்றது. அது தொலைய மின்னூர்தி வந்தாக வேண்டும்.

மின்னால் ஊர்தி ஓட்டுதல் தமிழ்மண்ணுக்குப் புதிதுமன்று. இந்தியாவின் முதல் மின் திராம்வண்டி 1895-இல் ஓடியது சென்னைத் தெருக்களிலேதான். 1953-இல் அது நின்றது. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர்வண்டி 1931 முதல் ஓடுகின்றது. திண்டுக்கல் சந்திப்பிலும் இன்று மின்பொறி தொடர்வண்டிகளை இழுத்துச் செல்கின்றது. தெருவில் மட்டும் எழுபது ஆண்டு எரிநெய் ஆட்சி! 2025 சூன் 30 அன்று வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்பேருந்துகள் புறப்பட்ட பின்னரே அரசுப் பேருந்தில் மின்னாற்றல் காலூன்றியது.

சென்னைக்கு வந்தது திண்டுக்கல்லுக்கு வர எத்தனை ஆண்டு? விரைவுபடுத்தும் கருவியாகச் 'செய்யறிவு' இன்று பேசப்படுகின்றது. பழைய கணக்குகளைக் கணினிக்குக் காட்டிப் புதியதைக் கணிக்கப் பழக்கும் கலை அது. மாயமன்று, ஆயினும் பயனுடையது. திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குச் செல்லும் சாலை பெரும்பாலும் சமவெளி. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறுவதோ வேறு கதை. கடல்மட்டத்தினின்று ஏறத்தாழ 2100 மீட்டர் உயரத்திலுள்ள ஊருக்கு ஏறுகையில் மின்கலம் விரைந்து வற்றும். இறங்குகையில் ஓட்டும் பொறியே மின்னாக்கியாக மாறி ஒரு பங்கை மீட்கும். ஏற்றம், ஆள்சுமை, கோடை வெப்பம் ஆகியவற்றைச் சேர்த்தெண்ணி, எத்தடத்தில் மின்பேருந்தை முதலில் விடலாம், மின்னேற்று நிலையத்தை எங்கு நிறுவலாம் என்று சொல்லச் செய்யறிவால் இயலும். இரவில் பணிமனை திரும்பும் பேருந்துகளெல்லாம் ஒரே பொழுதில் மின்னேற்றினால் மின்மாற்றி தாங்காது. எதற்கு முன், எதற்குப் பின் என்று முறைவைப்பதும் அதற்கு எளிது.

மற்றொன்று. மே திங்கள் தொடங்கிச் செபுதம்பர் வரை பாலைக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் காற்று உடுமலை, தாராபுரப் பகுதிக் காற்றாலைகளைச் சுழற்றுகின்றது. மிகுந்து வீசும் வேளையில் மின்னை ஏற்பாரின்றி ஆலைகளை நிறுத்திவைப்பதும் உண்டு. காற்றின் வரவை முன்னறிந்து அவ்வேளையில் மின்கலங்களை நிரப்பினால், மேற்கத்திய எண்ணெயை விட்டு மேற்குக் காற்றில் வண்டி ஓட்டலாம்.

இவையெல்லாம் சரி. ஆனால் இவ்வறிவு எம்மொழியில் கற்கின்றது? ஆங்கில எழுத்துக் கடலைக் குடித்து வளர்ந்தது அது. அதற்குப் புகட்டப்பட்ட தமிழ் சிறு துளியே. முப்பது ஆண்டு வண்டியோட்டிய ஓட்டுநர், "வத்தலக்குண்டு தாண்டியதும் வண்டி இழுக்கத் திணறுகின்றது" என்று சொன்னால் அது விளங்கிக்கொள்ள வேண்டும். அதன் ஏட்டிலோ அவ்வூர் 'பேட்லகுண்டு'. ஊர்ப்பெயரே திரிந்து கிடக்கையில் ஓட்டுநர் பேச்சு எங்கே ஏறும்? 2020 சூனில் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழொலிப்புக்கேற்ப மாற்றத் தமிழக அரசாணை வெளிவந்து, சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டதைத் தமிழர் மறந்திருக்க மாட்டார். பிழைகளைத் திருத்தி மீண்டும் வெளியிடுவதை விடுத்துக் கைகழுவியது பெருந்தவறு.

கம்மியர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. எரிநெய்ப் பொறியை ஒலிகேட்டே நோயறிந்தவர் அவர். மின்பேருந்தில் நோய் திரையில் எழுத்தாய்த் தோன்றும். அவ்வெழுத்து ஆங்கிலமாயின் கைத்திறம் மிக்கவர் ஒரே நாளில் எழுத்தறியாதவராகின்றார்! தமிழில் எழுதினால் தமிழ்க் கம்மியர் பிழைப்பார். மொழிப்பற்றோடு சோற்றுச் சிக்கலும் இது.

சென்னை மின்பேருந்துகளைத் தனியார் நிறுவனமே இயக்கி, ஓடும் தொலைவுக்கேற்பப் பணம் பெறுகின்றது. அம்முறை இங்கும் வரலாம். அப்பொழுது நாள்தோறும் திரளும் தடக்கணக்கு, மின்கலக் கணக்கு யாருடைய உடைமை? செய்யறிவுக்கு அவையே உணவு. மக்கள் ஏறிச்சென்று விளைவித்த கணக்கை நிறுவனம் அள்ளிச்சென்றால், அடுத்த ஒப்பந்தத்தில் அரசு அதனிடமே கையேந்தி நிற்கும்.

எனவே திண்டுக்கல் பணிமனைக்கான ஒப்பந்தம் எழுதப்படும் நாளிலேயே, ஓட்டுநர் திரையும் கம்மியர் கையேடும் தமிழில் இருத்தல், கணக்குகள் போக்குவரத்துக் கழகத்தின் உடைமையாதல் ஆகிய இரண்டும் அதில் இடம்பெற வேண்டும். வண்டி வந்தபின் கேட்டால், மென்பொருளில் அதற்கு இடமில்லை என்னும் விடையே வரும்.