மரக்கூரை தாங்கும் பாரம்

"பாட்டன் போட்ட கட்டை, யானை ஏறினாலும் அசையாது" என்று பெருமை பேசும் குடியானவர்கள் பலர். அறுபது வருஷம் நின்ற கூரை, அதுவரை சுமந்த பாரத்திற்கே அத்தாட்சியாகும்; இனி ஏற்றப்போகும் பாரத்திற்கு அன்று.

ஊரப்பாக்கம் முதலிய செங்கற்பட்டுச் சீமையின் ஊர்களில் பழைய வீடுகள் பெரும்பாலும் இருவகை. நாட்டோடு ஒற்றையாக வேய்ந்த கூரை, சதுர மீட்டருக்குச் சுமார் 70 கிலோ பாரமுடையது. மரக்கட்டைகளின்மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை இட்ட மெட்ராஸ் டெரஸ் தளமோ 400 கிலோவுக்குக் குறையாது. 3 மீட்டர் நீளக் கட்டைகள் 45 சென்டிமீட்டர் இடைவெளியில் கிடப்பின், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 540 கிலோவைப் பரவலாகச் சுமக்கிறது.

இத்தகைய தளத்தின் நடுவே 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை வைப்பவர் பலர். நிறைந்த தொட்டியின் தண்ணீர் மட்டும் 1000 கிலோ. அது மூன்று கட்டைகளின்மேல் அமர்ந்தால், தலைக்கு 333 கிலோ. இது முந்தைய பாரத்திலும் குறைவுதானே என்று எண்ணலாகாது. நடுவில் குவிந்த பாரம் பரவிய பாரத்தைவிட மிகுதியாக வளைக்கும். ஆகவே கட்டையின் வளைவுத் தாக்கு ஏறக்குறைய இரட்டித்துவிடுகிறது.

நிற்க, கட்டையின் பலம் அகலத்தைவிட உயரத்தையே பெரிதும் சார்ந்தது. உயரத்தை அதனாலேயே பெருக்கி, அகலத்தாலும் பெருக்கிக் கணக்கிட வேண்டும். 10க்கு 15 சென்டிமீட்டர் சட்டத்தைக் குத்தாக வைத்தால், படுக்கையாக வைப்பதைவிட ஒன்றரை மடங்கு தாங்கும். அந்த 15 சென்டிமீட்டர் உயரத்தில் 3 சென்டிமீட்டரைக் கறையான் தின்றுவிடின், பலத்தில் மூன்றிலொரு பங்குக்குமேல் தொலைந்தது. வெளிப்பார்வைக்கோ கட்டை முழுமையாகவே தோன்றும்.

மழையும் பாரமே. 2015 டிசம்பர் 1ஆம் தேதிப் பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. தூம்பு அடைபட்டுக் கைப்பிடிச் சுவருக்குள் 10 சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினால், சதுர மீட்டருக்கு 100 கிலோ கூடும். தொட்டியும் தேங்கிய நீரும் கறையானும் ஒருங்கே சேரும் இரவில்தான் அபாயம் விளைகிறது. கீழே உறங்குவோர் குழந்தைகளாகவும் இருக்கலாம்.

ஆதலால், தொட்டியைத் தரையிலிருந்து எழுப்பிய தனித் தூண்மேடையில் வைப்பதே உத்தமம். ஐப்பசி மழைக்குமுன் தூம்புகளைச் சுத்தி செய்து, சுவருக்குள் புதைந்த கட்டை முனைகளைக் குத்தூசியால் சோதித்தல் வேண்டும். ஊசி எளிதில் இறங்குமாயின், முட்டுக் கொடுத்துத் தச்சரை அழைப்பதில் தாமதம் கூடாது. கிராம அதிகாரிகள் பள்ளி, சாவடி, களஞ்சியம் ஆகியவற்றில் இச்சோதனையை முதலில் செய்வித்தால், ஊரார் தாமே பின்பற்றுவர். நெல் மூட்டையை நிறுத்தாமல் விற்காத குடியானவர், தலைக்கு மேலுள்ள பாரத்தை மட்டும் நிறுத்தாமல் விடுவது விவேகமாகாது.