அடித்தால் கணக்கில் வரும், ஏசினால்?

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 25-ஆம் தேதி, பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு நாளன்று, ஒரு கணக்கு தவறாமல் செய்திகளில் இடம்பெறும். உலகில் மூன்று பெண்களில் ஒருவர் தம் வாழ்நாளில் வன்முறைக்கு ஆளாகிறார் என்பதே அது. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி அந்த எண்ணிக்கை ஏறக்குறைய 736 மில்லியன்.

துணைவர் அடித்த அடியும், துணைவரோ பிறரோ இழைத்த பாலியல் வன்முறையும் அந்தக் கணக்கில் உண்டு. பிறர் முன்னிலையில் மட்டம் தட்டுவது, பொருள்களைப் போட்டு உடைத்து மிரட்டுவது, பிள்ளைகளை ஏதாவது செய்துவிடுவேன் என்று பயமுறுத்துவது, தாய் வீட்டுக்குப் போகவிடாமல் தடுப்பது ஆகியவை அதில் இல்லை. இப்படி மட்டுமே பல ஆண்டுகள் துன்பப்பட்ட ஒரு பெண் அந்த 736 மில்லியனில் ஒருவர் அல்லர்.

உளவியல் வன்முறை சிறிய விஷயம் என்று யாரும் முடிவு செய்து இதை விட்டுவிடவில்லை. ஐ.நா.வின் நிலைத்தன்மைமிக்க மேம்பாட்டு இலக்குகளில் 5.2.1 என்ற குறியீடு, துணைவரால் ஏற்படும் உடல், பாலியல், உளவியல் வன்முறை மூன்றையும் அளக்கச் சொல்கிறது. முதல் இரண்டையும் அளக்க ஓரளவு பொதுவான முறை உருவாகிவிட்டது. மூன்றாவதை எப்படி அளப்பது என்பதில்தான் நாடுகளுக்கிடையே உடன்பாடு இல்லை.

நான்கு கேள்விகள்

இந்த முயற்சியில் முக்கியமானது, உலகச் சுகாதார நிறுவனம் 2005-இல் வெளியிட்ட பன்னாட்டு ஆய்வு. வங்காளதேசம், ஜப்பான், தாய்லாந்து, பெரு, தன்சானியா உட்பட 10 நாடுகளில் 24,000-க்கும் அதிகமான பெண்களிடம் நேரில் பேசினார்கள். “உங்களுக்கு வன்முறை நடந்ததா?” என்று பொதுவாகக் கேட்காமல் குறிப்பிட்ட செயல்களைக் கேட்டார்கள். அவர் உங்களை இழிவாகப் பேசினாரா? பிறர் முன்னால் அவமானப்படுத்தினாரா? வேண்டுமென்றே பயமுறுத்தினாரா? உங்களையோ உங்களுக்கு வேண்டியவரையோ காயப்படுத்துவதாக மிரட்டினாரா?

இந்த நான்கில் ஒன்றையாவது அனுபவித்தவர்கள் இடத்துக்கு இடம் 20 முதல் 75 விழுக்காடு வரை இருந்தார்கள். எங்கே போகிறாய் என்று எந்நேரமும் கேட்பது, தோழிகளைப் பார்க்கவிடாதது, நடத்தையைச் சந்தேகிப்பது போன்ற கட்டுப்பாடுகளைத் தனியே கணக்கிட்டார்கள். அது ஜப்பானில் 21 விழுக்காடு. தன்சானியாவின் நகர்ப்பகுதியில் ஏறக்குறைய 90 விழுக்காடு.

ஒரே கேள்வித்தாளைப் பயன்படுத்தியும் இவ்வளவு இடைவெளி. கேள்வித்தாளே வேறாக இருந்தால்?

ஐரோப்பாவில் 43, இந்தியாவில் 14

ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் அமைப்பு 28 நாடுகளில் 42,000 பெண்களிடம் ஆய்வு நடத்தி 2014-இல் முடிவுகளை வெளியிட்டது. துணைவரால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் 22 விழுக்காடு. உளவியல் வன்முறைக்கு ஆளானவர்கள் 43 விழுக்காடு.

இந்தியாவில் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு தலைகீழான படத்தைக் காட்டுகிறது. கணவனிடம் அடிபட்டதாகச் சொன்ன பெண்கள் 28 விழுக்காடு. மனரீதியான வன்முறையைச் சொன்னவர்கள் 14 விழுக்காடு. அதாவது பாதி.

இந்த எண்களை மட்டும் பார்த்தால், இந்தியக் கணவர்கள் கை நீட்டுவார்கள், வாயை அடக்கிக்கொள்வார்கள் என்றல்லவா நினைக்கத் தோன்றும்? உண்மையில் அளவுகோல்தான் வேறு. இந்திய ஆய்வு மனரீதியான வன்முறைக்காகக் கேட்பது மூன்றே கேள்விகள்: அவமானப்படுத்துவது, மிரட்டுவது, இழிவாகப் பேசுவது. கட்டுப்படுத்தும் செயல்களையும் அது கேட்கிறது. ஆனால் இந்த 14 விழுக்காட்டில் சேர்ப்பதில்லை. ஐரோப்பிய ஆய்வோ கட்டுப்பாடு, பணத்தைக் கைக்குள் வைத்துக்கொள்வது, பிள்ளைகளைக் காட்டி மிரட்டுவது எல்லாவற்றையும் உளவியல் வன்முறை என்ற ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவந்தது.

கேள்வியைப் புரிந்துகொள்ளும் விதமும் மாறும். “அடிக்கிற கைதான் அணைக்கும்” என்று கேட்டு வளர்ந்தவளுக்குக் கணவனின் ஏச்சு வன்முறையாகவே தோன்றாமல் போகலாம். “கோபக்காரர், மற்றபடி நல்லவர்” என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவாள். குறைந்த எண் என்பது குறைந்த துன்பம் என்று பொருள்படாது.

சண்டைக்கும் வன்முறைக்கும் நடுவே

எதிர்ப்பக்கத்திலும் ஒரு நியாயமான கேள்வி உண்டு. கோபத்தில் ஒருமுறை வாய் தவறிய கணவனையும், பத்து ஆண்டுகளாக மனைவியைத் தினமும் நடுங்க வைத்தவனையும் ஒரே கட்டத்தில் போடலாமா? போட்டால் எண் பெருத்துவிடும். “எல்லா வீட்டிலும் நடப்பதுதானே” என்று பெரிய துன்பமும் தள்ளிவிடப்படும்.

லோரி ஹெய்ஸ் முதலிய ஆய்வாளர்கள் 2019-இல் முன்வைத்த யோசனை இந்தச் சிக்கலுக்கானது. உலகச் சுகாதார நிறுவன ஆய்வின் தரவுகளைக் கொண்டு, எத்தனை வகைச் செயல்கள், எத்தனை முறை என்று பார்த்து, லேசானதையும் கடுமையானதையும் பிரிக்கலாம் என்றார்கள். “ஆம், இல்லை” என்று மட்டும் கேட்பதைவிட இது உண்மைக்கு நெருக்கமானது.

சில நாடுகளின் சட்டங்களும் இப்படியே நகர்ந்துள்ளன. இங்கிலாந்தும் வேல்ஸும் 2015 சட்டத்தின் மூலம், துணைவரைத் தொடர்ச்சியாகக் கட்டுப்படுத்தி அடக்கி வைப்பதை 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கின. ஒரு நாள் சண்டையை அச்சட்டம் பார்ப்பதில்லை. திரும்பத் திரும்ப நடக்கும் போக்கையே பார்க்கிறது.

நம் நாட்டில்

மலேசியாவின் 1994 குடும்ப வன்முறைச் சட்டத்தில், 2012 திருத்தத்தின் வழி உளவியல் துன்புறுத்தலும் மனக்காயமும் சேர்க்கப்பட்டன. சிங்கப்பூர் 2023-இல் நிறைவேற்றிய திருத்தமும் அவற்றை வெளிப்படையாகச் சொல்கிறது.

ஆனால், நம் சட்டத்தைத் தண்டனைச் சட்டத்தோடு சேர்த்தே வாசிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கன்னத்தில் வீக்கம் இருந்தால் எந்தப் பிரிவில் விசாரிப்பது என்று காவல் நிலையத்தில் தெரியும். மூன்று ஆண்டுகளாகக் கைப்பேசியைச் சோதிக்கிறார், சம்பளத்தை வாங்கிக்கொள்கிறார், வெளியே விடமாட்டேன் என்கிறார் என்று ஒரு பெண் சொன்னால் அது அவ்வளவு எளிதல்ல. தவிர, இச்சட்டம் கணவன், முன்னாள் கணவன், குடும்ப உறுப்பினர் ஆகியோருக்கே பொருந்தும். காதலன் இதில் வரமாட்டான்.

நம்மிடம் கணக்கும் போதவில்லை. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மகளிர் ஆய்வு மையமான கனிதா, உலகச் சுகாதார நிறுவன முறையைப் பின்பற்றித் தீபகற்ப மலேசியாவில் நடத்திய ஆய்வில், வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்ன பெண்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. அந்த ஆய்வு வெளிவந்து பத்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. சபாவும் சரவாக்கும் அதில் இல்லை. காவல்துறைப் புகார்களின் எண்ணிக்கையோ புகார் செய்யத் துணிந்தவர்களை மட்டுமே காட்டும்.

தேவைப்படுவது, சீரான இடைவெளியில் நாடு முழுவதும் நடக்கும் ஓர் ஆய்வு. அது செயல்களைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். எத்தனை முறை என்று கேட்க வேண்டும். பணம், கைப்பேசி வழியான கட்டுப்பாட்டையும் கேட்க வேண்டும். தமிழ்ப் பெண்களிடம் வீட்டுத் தமிழில் கேட்க வேண்டும். “உளவியல் வன்முறைக்கு ஆளானீர்களா?” என்றால் “இல்லை” என்பவர், “அவர் வீட்டுக்குள் வரும் சத்தம் கேட்டாலே உங்களுக்குப் பயமாக இருக்குமா?” என்றால் வேறு பதில் சொல்லக்கூடும். எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் எத்தனை ஆலோசகர்கள், எத்தனை காப்பகங்கள் தேவை என்று அரசிடம் கேட்க முடியும்.

இதைப் படிக்கும்போது உங்கள் வீடோ, அக்கா தங்கையின் வீடோ நினைவுக்கு வந்தால், 24 மணி நேரமும் செயல்படும் தாலியான் காசே 15999 எண்ணுக்கு அழைக்கலாம். அழைப்பதற்கு உடலில் காயம் இருக்க வேண்டியதில்லை.