ஐங்கோணம் வரையாத கைகள்

முதியோர் தடுமாறினால் ‘அறளை பெயர்ந்துவிட்டது’ என்று ஒதுக்கிவிடுதல் நம்மவர் வழக்கம். அது அறியாமை. ஆயின், பத்து நிமிடம் கேள்வி கேட்டுப் புள்ளிகளைக் கூட்டி, ‘இவர் அறிவு குன்றியவர்’ என்று முத்திரை குத்துதல் மாத்திரம் அறிவுடைமையாகுமா?

1975 இல் அமெரிக்காவில் போல்ஸ்ரீன் முதலானோர் வகுத்த 30 புள்ளிச் சோதனையே உலகெங்கும் பரவியது. நூறிலிருந்து ஏழேழாகக் கழித்தல், வாக்கியமொன்று எழுதுதல், ஒன்றையொன்று வெட்டும் இரு ஐங்கோணங்களைப் பார்த்து வரைதல் என்பன அதன் பகுதிகள். இப்பொழுது என்ன பருவம், எத்தனையாம் மாடியில் இருக்கிறோம் என்றும் அது வினவும். 24 இற்குக் குறைந்தால் ஐயுறுவது பொதுவழக்கு.

இரணைமடுக் குளத்து நீரை நம்பி வயல் செய்த மூதாட்டியொருவர் பேனை பிடித்தறியாதவர். அவர் ஐங்கோணம் வரையாவிடின் குறைந்தது ஞாபகமா, பள்ளிக்கூடமா? அவர் அறிந்த பருவங்கள் காலபோகமும் சிறுபோகமுமே. மாடியில் வாழாதவரிடம் மாடிக் கணக்கு எதற்கு?

இவ்வினாக்கள் புதியனவல்ல. சீனத்தின் ஷங்ஹாய் நகரில் 1980களில் ஆய்வு செய்தோர், கல்வியற்றோருக்கு 17, ஆரம்பக் கல்வி பெற்றோருக்கு 20, மேற்கற்றோருக்கு 24 என எல்லைகளை வேறுபடுத்தினர். ஹரியானாவின் பல்லப்கரில் எழுத்தறியாத கிராமத்தவருக்கென வினாக்களையே மாற்றியமைத்த இந்தி வடிவம் 1995 இல் வெளிவந்தது. சிங்கள வடிவம் பற்றிய ஆய்வு 2002 இல் வெளியாயிற்று. பிறர் தம் முதியோரின் வாழ்வறிந்து அளவுகோலைத் திருத்தினர். நாமோ தமிழாக்கம் ஒன்றே போதுமென்று அமைதி கொள்வதா?

வன்னிக்கு இன்னொரு பாரமும் உண்டு. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் இடம்விட்டு இடம் பெயர்ந்து, பிள்ளைகளையும் பறிகொடுத்தோர் இங்குள்ளனர். துயரமும் மனச்சோர்வும் கவனத்தைச் சிதைக்கும். செவிப்புலன் குன்றலும் கண்புரையும் புள்ளியைக் குறைக்கும். இவற்றைப் பிரித்தறியாத எண், நோயற்றவரை நோயாளியாக்கும். கற்றவரின் தொடக்க நோயையோ மறைத்துவிடும்.

நிபுணர் அரிதான இடத்தில் விரைவுச் சோதனை வேண்டுமென்பர். உண்மை, ஆனால் அது வாசலேயன்றித் தீர்ப்பன்று. ‘சென்ற ஆண்டு செய்த எந்த வேலையை இவ்வாண்டு அம்மாவால் செய்ய முடியவில்லை?’ என்று வீட்டாரையும் கேட்டறிதல் வேண்டும்.

இது வைத்தியர் பணி மட்டுமன்று. எச்சொல் எம் முதியோருக்கு விளங்கும், எவ்வேலை அவர்தம் நினைவின் உரைகல் எனத் தேடித் தொகுப்பது மொழியும் சமூகமும் பயிலும் கலைப்பீடத்தார் கடன். அக்கடனைத் தீர்க்காதவரை, சோதனையில் தோற்பவர் எம் முதியோரல்லர், நாமே.