பல் வைத்தியமும் உயிர்ப் பாதுகாப்பும்

பல் நோவுக்குச் சிகிச்சை பெறப் போனவர்கள் அச்சிகிச்சையாலேயே உயிரிழப்பது நாகரிகமுள்ள எந்த நாட்டுக்கும் அடுக்காது. ஆயினும் நம் தமிழ்நாட்டில் அது நடந்திருக்கிறது. 2022-23இல் வாணியம்பாடியில் ஒரு பல் வைத்தியசாலைக்குச் சென்று வந்தவர்களில் 10 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்னும் கொடிய நோய் கண்டது. 8 பேர் மாண்டனர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாரும் பிறரும் ஆராய்ந்து 2025இல் வெளியிட்ட முடிவு யாது? வாயைக் கழுவும் உப்பு நீர்ப் புட்டியைச் சுத்தமற்ற கருவியால் திறந்து, பஞ்சால் அடைத்து வைத்து, பலருக்கும் உபயோகித்ததே கேட்டுக்குக் காரணம் என்பதாம்.

இதைக் கேட்டு ஜனங்கள் பல் வைத்தியத்துக்கே அஞ்சி ஒதுங்குவார்களாயின், அது மற்றோர் அனர்த்தமாகும். 1884இல் வியன்னா நகரில் கார்ல் கோலர் என்பவர் கொக்கெயினால் கண்ணை மரக்கச் செய்யலாமென்று காட்டினார். 1943இல் ஸ்வீடன் தேசத்து லோஃப்கிரென் லிக்னோகெயினைக் கண்டார். பல்லைப் பிடுங்குகையில் நோயாளியை நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டிய அவசியம் இவற்றால் ஒழிந்தது.

எனினும், மருந்து நல்லதாயிருந்தால் மட்டும் போதாது. மரப்பு ஊசி போடுவதற்குத் திட்டமான விதிகள் உண்டு. இருதய நோய், முன் கண்ட ஒவ்வாமை முதலியவற்றை முதலில் விசாரிக்க வேண்டும். ஊசி குத்தியதும் தண்டைச் சற்றுப் பின்னிழுத்து, ரத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தக்குழாயில் மருந்து நேரே புகுந்தால் வலிப்பு உண்டாகலாம். குழந்தைகளிடம் அளவு மிக முக்கியம். கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் என்ற வரம்பைக் கொண்டால், 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 2 சதவீத லிக்னோகெயின் சுமார் 3 மில்லிலிட்டருக்கு மேல் கூடாது. பலருக்குப் பயன்படும் 30 மில்லிலிட்டர் மருந்துப் புட்டியில், ஒருவருக்குக் குத்திய ஊசியை மீண்டும் நுழைப்பது மன்னிக்கத் தகாத குற்றமாகும். உப்பு நீர்ப் புட்டி கற்பித்த பாடம் இதற்கும் பொருந்தும்.

சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த திருநாவலூரைச் சுற்றியுள்ள கிராமங்களை நினைத்துப் பாருங்கள். அங்குள்ள உழவர் கிராம்புத் தைலத்தால் வலியைத் தணித்து, பொறுக்க முடியாத கட்டத்திலேயே பஸ் ஏறி வைத்தியரை நாடுவர். புட்டி எப்போது திறக்கப்பட்டது என்று அவர் கேட்பாரா? மெலியாய்டோசிஸ் கிருமியோ சேற்றிலும் நீரிலும் வாழ்வது. நெல் விளையும் எந்தப் பிரதேசமும் இவ்வபாயத்துக்குப் புறம்பானதன்று.

ஆகவே காவல் பொறுப்பு சர்க்காருடையதே. பதிவு பெறாதவர் பல் வைத்தியம் செய்வதை 1948ஆம் வருஷத்துச் சட்டமே தடுத்தது. பதிவு பெற்றவரின் அறையில் என்ன நடக்கிறதென்று பார்ப்பதும் அவ்வளவு அவசியம். ஒவ்வொரு ஜில்லாவிலும் சுகாதார அதிகாரிகள் முன்னறிவிப்பின்றிப் பல் வைத்தியசாலைகளைச் சோதித்து, முடிவுகளை ஜனங்கள் அறியப் பிரசுரிக்க வேண்டும். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி போன்ற ஸ்தாபனங்கள் சுற்றுவட்டார வைத்தியர்களுக்குக் கிருமி நீக்கப் பயிற்சி அளிக்கலாம்.

பொது ஊழியர்களுக்கும் இதில் கடமையுண்டு. புதிய ஊசியா, புதிதாகத் திறந்த புட்டியா என்று கேட்பது வைத்தியரை அவமதிப்பதாகாது. நோயாளியின் உரிமை அது என்று கிராமந்தோறும் எடுத்துரைப்பார்களாக. எட்டு உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடத்தை இன்னொரு முறை கற்க வேண்டிய நிலை வரலாகாது.