பிழையா, பாடமா?

பழங்காசு திரட்டுவோரிடையே ‘பிழைக்காசு’ என்னும் சொல் இன்று பெரிதும் வழங்குகிறது. அச்சு விலகிய காசு, எழுத்து மாறிய காசு, புள்ளி கூடிய காசு என ஏதேனும் ஒரு வேறுபாட்டைக் கண்டவுடன் அதனைப் பிழையென முடிவுகட்டி, மறுகணமே விலை கேட்கும் வழக்கம் மாணாக்கரிடமும் பரவியுள்ளது. பாட்டனார் பெட்டியிலிருந்து எடுத்துவந்து, “ஐயா, இது எவ்வளவு போகும்?” என்று வினவுவோர் பலர், “இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று வினவுவோர் மிகச் சிலர். விலைக்கு முன் வாசிப்பு வரவேண்டும் என்பதே என் கருத்து.

தமிழ் பயில்வோர்க்கு இத்துறை அயலானதன்று. சுவடிப் பதிப்பில் பெயர்த்தெழுதியவரின் கைப்பிழை வேறு. பாட வேறுபாடு வேறு. செல்லரித்த இடம் வேறு. ஓர் ஏட்டில் மட்டும் காணும் மாற்றத்தையும் பல ஏடுகளில் ஒத்துவரும் மாற்றத்தையும் பதிப்பாசிரியர் ஒன்றாக எண்ணார். காசிலும் இதே வினாக்கள் எழுகின்றன. வேறுபாடு அச்சுச் செதுக்கும்போது நேர்ந்ததா? காசு அடிக்கும்போது நேர்ந்ததா? புழக்கத்திற்கு வந்தபின் நேர்ந்ததா? அன்றி, ஆள்வோர் ஆணையே அதுதானா?

திப்பு சுல்தான் காசுகளை எடுத்துக்கொள்வோம். அவரது ஆட்சியின் ஐந்தாம் ஆண்டில், ஹிஜ்ரிக் கணக்கில் 1201 என வரவேண்டிய இடத்தில், 1215 என்னும் ஆண்டு காசுகளில் இடம்பெறலாயிற்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறப்பிலிருந்து எண்ணும் மவ்லூதிக் கணக்கு அது, கி.பி. 1787ஐ ஒட்டியது. ஆனால் காசில் நம் கண்ணுக்குத் தெரிவது 5121! அரபு எழுத்து வலமிருந்து இடமாகச் செல்லினும், எண்களில் பேரெண்ணை இடப்புறம் வைப்பதே வழக்கம். திப்புவோ எண்ணையும் வலமிருந்தே எழுதப் பணித்தார். இதனை அறியாதவர், அச்சு செதுக்கியவன் தடுமாறினான் என்று எண்ணக்கூடும்.

அவ்வாறு எண்ணலாகாது என்பதற்குக் காசே சான்று தருகிறது. அச்சில் எல்லாவற்றையும் கண்ணாடியில் காண்பது போல் இடவலம் மாற்றிச் செதுக்கவேண்டும். அதனை மறந்து செதுக்கியிருந்தால், காசில் ஒவ்வோர் எண்ணின் வடிவமும் திரும்பியே விழும். திப்புவின் காசுகளிலோ எண்களின் வடிவம் நேராகவே உள்ளது. வரிசை மட்டுமே மாறியுள்ளது. மேலும், பட்டணம் எனப்பட்ட ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அடித்த காசிலும் நகர் என்னும் ஊரில் அடித்த காசிலும் அவ்வரிசை மாற்றம் ஒன்றுபோலவே வருகிறது. தனியொருவன் கைப்பிழை ஊரூராகப் பரவாது. இது ஆணை.

உண்மையான பிழைகளும் உண்டு. அவை சுவை மிக்கவை. அடித்த காசு ஓர் அச்சிலேயே ஒட்டிக்கொள்ள, அதனை அகற்றாமல் அடுத்த வில்லையை வைத்து அடித்துவிடுவர். அப்போது புதிய காசின் ஒருபுறம் முறையான முகமும், மறுபுறம் அதே முகம் குழிவாகவும் இடவலம் மாறியும் பதியும். வில்லை சற்று அசைந்து இருமுறை அடிபட்டதும் பிழையே. ஆயினும், சம்மட்டியால் அடித்த முகலாயர் காசுகளில் ஊர்ப்பெயரோ ஆண்டோ விளிம்புக்கு வெளியே போய்விடுவதைப் பிழையெனல் பொருந்தாது. அச்சு வில்லையினும் பெரிதாக இருந்தமையால் அது இயல்பாகவே நிகழ்ந்தது. அத்தகைய காசை அரும்பொருள் என்று விற்பவரை நம்பற்க.

புள்ளிகளும் இவ்வாறே ஏமாற்றுவன. விக்டோரியா உருவம் பொறித்த ரூபாய்கள் 1874 வரை 1862 என்ற ஆண்டையே தாங்கி வந்தன. அவற்றுள் பம்பாயில் அடித்தனவற்றில் காணும் சிறு புள்ளிகள், அடித்த ஆண்டினை வேறுபடுத்த இட்ட குறிகள் என்று காசியலார் கொள்வர். நம் காலக் காசுகளிலும் ஆண்டெண்ணின் கீழுள்ள வைர வடிவம் மும்பையையும், விண்மீன் ஐதராபாத்தையும், புள்ளி நொய்டாவையும் குறிக்கும். குறியின்மை கொல்கத்தாவைக் குறிக்கும். குறியில்லாத காசைக் குறையுள்ள காசென்று கூறுவது நகைப்பிற்குரியது.

இனி, பிற்காலத்து நேர்ந்த மாற்றங்கள். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 உரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமீது வெட்டு விழுந்துள்ளது. காசாகச் செல்லாது பொன்னாகவே மதிக்கப்படுமாறு இங்கு வெட்டினர் என்பது ஒரு கருத்து. தங்கசாலைக்கும் அவ்வெட்டுக்கும் தொடர்பில்லை; எனினும் வரலாற்றுக்கு அவ்வெட்டே பெருஞ்சான்று. இதனை விட்டு, நேற்று அரத்தால் தேய்த்த விளிம்பை அரிய பிழையென விற்பது வேறு கதை.

1911ஆம் ஆண்டு ரூபாய் இவ்வகை எதிலும் அடங்காதது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மேலங்கியில் பொறித்த யானையின் துதிக்கை குறுகிப் பன்றியைப் போன்று தோன்றவே, முஸ்லிம்களிடையே மனக்கசப்பு எழுந்தது. ஏறத்தாழ 94 லட்சம் அடிக்கப்பட்டிருந்தும் 7 லட்சம் அளவே வெளிவந்தன, எஞ்சியவை உருக்கப்பட்டன. 1912இல் யானையின் வடிவம் திருத்தப்பட்டது. வில்லை நேர், அடி நேர், எழுத்தும் நேர். தங்கசாலை தன் பணியைக் குறையறச் செய்தது. வரைந்தவர், அதைக் கையில் ஏந்தப்போகும் மக்களை எண்ணவில்லை. இதனைப் ‘பிழைக்காசு’ என்று பட்டியலிடுவோரோடு எனக்கு உடன்பாடில்லை.

பழங்காசுகளுக்குப் பெரும்பணம் தருவதாக, அதுவும் தன் பெயராலேயே, நடைபெறும் மோசடியைக் குறித்து ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. முன்பணம் கட்டி ஏமாறுவது ஒருபுறமிருக்க, விலைபோகும் என்றெண்ணிப் புளியிட்டு விளக்கி எழுத்தைத் தேய்த்துவிடுவதே எனக்குப் பெருந்துயராகப் படுகிறது. மாணாக்கர் தம் வீட்டுக் காசை விளக்காது, எடையும் விட்டமும் குறித்து, இருபுறமும் மெல்லிய தாளில் பென்சிலால் படியெடுத்து வரட்டும். அரபு, பாரசீக எழுத்தறிந்த பெரியவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு அமர்ந்து முதலில் வாசிப்போம்.