மாமியாருக்குக் குளிர், எஞ்சினுக்குக் காய்ச்சல்!

சித்திரை மாதத்து வெயிலில், பழைய அம்பாஸடரில் திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குக் கிளம்பியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் ஸீட்டில் வயதான மாமியார். அவர் மடியில் உங்கள் குழந்தை. ஒர்க்‌ஷாப்பில் புதிதாகப் பொருத்திய ஏ.ஸி. ஜிலுஜிலுவென்று வீசுகிறது. "ஊட்டி மாதிரி இருக்கே, மாப்பிள்ளை!" என்று மாமியாரே சர்டிபிகேட் கொடுத்துவிட்டார். கவரப்பேட்டையைத் தாண்டியதும் லாரி வரிசை. வண்டி நிற்கிறது. பத்து நிமிஷத்தில் உஷ்ணம் காட்டும் முள் சிவப்புக் கோட்டை எட்டிப் பார்க்கிறது.

ஓடும்போது இல்லாத சூடு, நிற்கும்போது எங்கிருந்து வந்தது?

ஏ.ஸி. உஷ்ணத்தை அழிப்பதில்லை; காருக்குள் இருப்பதை வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது, அவ்வளவுதான். கொட்டும் இடம் கண்டென்ஸர். அது இருப்பதோ ரேடியேட்டருக்கு நேர் முன்னால்! கண்டென்ஸரில் பட்டுச் சூடேறிய காற்றுதான் ரேடியேட்டருக்குக் கிடைக்கிறது. போதாததற்கு, கம்ப்ரஸரைச் சுற்றும் வேலையும் எஞ்சின் தலையில் விழுகிறது.

ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று துணை. நின்றுவிட்டால் விசிறி ஒன்றுதான் கதி. அம்பாஸடரின் விசிறியை எஞ்சினே பெல்ட் மூலம் சுற்றுகிறது. எஞ்சின் சோம்பினால் விசிறியும் சோம்பும். 1950-களில் ஏ.ஸி.யை நினைக்காமல் வகுத்த அமைப்பு அது. திருவள்ளூரிலேயே 1998 முதல் தயாரான லான்ஸரில் மின்சார விசிறி. எஞ்சின் மெதுவாக ஓடினாலும் அது தன் வேகத்தில் சுற்றும்.

சரி, முள் ஏறுகிறது. என்ன செய்வீர்கள்? முதலில் ஏ.ஸி.யை நிறுத்துங்கள், கண்ணாடிகளை இறக்குங்கள். கியரை நியூட்ரலில் வைத்து ஆக்ஸிலேட்டரைச் சற்றே மிதியுங்கள். விசிறியும் தண்ணீர்ப் பம்பும் விறுவிறுப்பாகும். அப்படியும் இறங்காவிட்டால், ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். மாமியாரையும் குழந்தையையும் மர நிழலில் உட்கார வைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்! உள்ளே அழுத்தம் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். மூடியைத் திருகிய கணமே பொங்கிச் சீறும். முகமும் கையும் வெந்துவிடும். தொட்டால் சுடாத அளவுக்கு ஆறட்டும். எஞ்சின் சூடாக இருக்கையில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஸிலிண்டர் ஹெட் வெடிக்கவும் கூடும்.

'எல்லாம் இந்த ஏ.ஸி.யால் வந்த வினை' என்று அதைக் கழற்றி எறியப் போகிறீர்களா? வேண்டாம். பெரும்பாலும் அது குற்றவாளி அல்ல, காட்டிக் கொடுக்கும் சாட்சி. வருஷக் கணக்கில் போர் தண்ணீரை ஊற்றியதால் ரேடியேட்டர் குழாய்களில் உப்பு படிந்திருக்கும். கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தூசியும் பூச்சியும் அடைத்திருக்கும். விசிறி பெல்ட் தொய்ந்திருக்கும். ஏ.ஸி. இல்லாத நாளில் எப்படியோ சமாளித்த குறைகள் இவை.

ஆகவே, பங்குனியிலேயே ரேடியேட்டரைக் கழுவச் சொல்லுங்கள். போர் தண்ணீருக்குப் பதில் கூலன்ட் ஊற்றுங்கள். பெல்ட்டையும் ரப்பர்க் குழாய்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எதற்கும் டிக்கியில் ஒரு பனையோலை விசிறி இருக்கட்டும். மாமியாரின் கோபம் அரை மணியில் தணிந்துவிடும். சூட்டில் வளைந்த ஸிலிண்டர் ஹெட் தானாக நிமிராது!