“நல்லாத்தான் இருந்தாரு” என்றால் போதுமா?

எந்த ஊர் ஆஸ்பத்திரியானாலும் சரி, தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் தினமும் கேட்கிற பேச்சு இது.

“ஏம்மா, அவருக்கு ஏற்கனவே என்னென்ன தொந்தரவு இருக்கு?” என்று டாக்டர் கேட்கிறார்.

“ஒண்ணும் இல்லீங்க டாக்டர். நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு” என்கிறார் மனைவி.

மகனைக் கேட்டால், “ஏதோ மாத்திரை போடுவாரு. வெள்ளையா, சின்னதா இருக்கும்” என்கிறார்.

வெள்ளையாக, சின்னதாக ஆயிரம் மாத்திரை இருக்கிறதே, அய்யா!

தமிழ்நாட்டில் 2008-ம் ஆண்டு செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. கூப்பிட்டால் வீட்டு வாசலுக்கே வருகிறது. நோயாளி சீக்கிரம் போய்ச் சேருகிறார். அவரைப் பற்றிய விவரம்தான் போய்ச் சேருவதில்லை.

உள்ளே படுத்திருப்பவருக்கு நினைவு இல்லை. வாயில் குழாய். போன மாதம் அவர் எப்படி இருந்தார் என்பது வீட்டாருக்குத்தான் தெரியும்.

எதற்குக் கேட்கிறார்கள்?

இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களும், வால்வு மாற்றியவர்களும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவார்கள். அது தெரியாமல் கழுத்து ரத்தக்குழாயில் ஊசி போட்டால், ரத்தத்தை நிறுத்துவதே பெரும்பாடாகிவிடும்.

ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவருக்கு அது திடீரென்று நின்றால், ரத்த அழுத்தம் தடாலென்று விழும்.

ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 4 என்று வருகிறது. பழைய ரிப்போர்ட்டில் 1 என்று இருந்தால், கிட்னி இப்போதுதான் கெட்டிருக்கிறது. மீட்க வழி பார்க்கலாம். முன்பே 4 என்றால் கதை வேறு. ஆனால் அந்த ரிப்போர்ட் பீரோவில் ஜவுளிக்கடைப் பைக்குள் தூங்குகிறது!

குடிப்பழக்கத்தைச் சொல்ல வெட்கம். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், பிதற்றுவார், வலிப்பும் வரலாம். முன்கூட்டியே தெரிந்தால் மருந்து கொடுத்துத் தடுக்கலாம். மானம் போகுமே என்று மறைத்தால் உசிரே போகும்! நாட்டு மருந்து சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடைக்கு நடந்து போனாரா?

இந்தக் கேள்விக்கும் அர்த்தம் உண்டு. 80 வயதில் மாடி ஏறிப்போய்க் கடை திறப்பவர் இருக்கிறார். 66 வயதில் ஆள் பிடித்தால்தான் எழுந்திருப்பவரும் இருக்கிறார்.

முதியவர்களின் தளர்ச்சியை அளக்க, கனடாவில் ராக்வுட் என்ற டாக்டரும் அவரது குழுவினரும் 2005-ல் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். இப்போது அதில் 9 படிகள். நோய் தாக்குவதற்கு இரண்டு வாரம் முன்பு ஆள் எப்படி நடமாடினார் என்பதுதான் அதில் கணக்கு.

செயற்கை சுவாசத்தில் நாட்கணக்கில் படுத்தால் தசையெல்லாம் கரைந்துவிடும். உடம்பில் கையிருப்பு பலம் உள்ளவர் எழுந்து வருவார். இல்லாதவருக்கு எதுவரை போகலாம் என்று டாக்டரும் குடும்பமும் மனம்விட்டுப் பேசவேண்டும்.

“படுத்தபடுக்கைன்னு சொன்னா கவனிக்க மாட்டாங்களோ?” என்று பயந்து சிலர் கூட்டிச் சொல்கிறார்கள். அந்தப் பயத்தைப் போக்கவேண்டியது ஆஸ்பத்திரியின் பொறுப்பு. ஒரு நம்பரை மட்டும் பார்த்து யாரையும் ஒதுக்கக்கூடாது.

வராந்தாவில் ஐந்து பேர் ஐந்து தடவை அவசரமாகக் கேட்பதைவிட, ஒருவர் உட்காரவைத்து நிதானமாகக் கேட்டு, கேஸ் ஷீட்டில் எழுதினால் என்ன?

ஒரு சீட்டு போதும்

நாமும் சும்மா இருக்கக்கூடாது. ஒரு தாளில் எழுதுங்கள்: என்ன வியாதி, எந்த மாத்திரை, எத்தனை வேளை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, என்ன ஆபரேஷன் நடந்தது, கடைசி ரிப்போர்ட் எங்கே இருக்கிறது, யாருக்குப் போன் செய்வது. மாத்திரை அட்டைகளை செல்போனில் படம் எடுத்து மகனுக்கும் மகளுக்கும் அனுப்புங்கள்.

கடைக்காரர் கல்லாப்பெட்டியில் வைக்கட்டும். ரெயிலில் போகிறவர் சீசன் டிக்கெட்டோடு வைக்கட்டும். ஆபீஸ்காரர் அடையாள அட்டைக்குப் பின்னால் செருகட்டும்.

ரேஷன் கார்டு எந்த டப்பாவில் இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பா போடுகிற மாத்திரையின் பெயர் தெரியவில்லை என்றால் நியாயமா?

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் எழுதிவிடுங்கள். பத்து நிமிஷ வேலைதான்!